ஆமை நடை

தை முதல் பங்குனி வரை, வார இறுதி நள்ளிரவுகளில், நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் நோக்கி மணலில் சிலர் நடக்கின்றனர். 1988இல் மாணவர்கள் தொடங்கிய கடலாமைப் பாதுகாப்பு அமைப்பின் தன்னார்வலர்கள் முன்செல்வர். பெயர் பதிந்துகொண்ட பொதுமக்கள் பின்தொடர்வர். பங்குனி ஆமையைக் காண்பது உறுதியன்று; பலருக்கு அதன் துடுப்புத் தடம் மட்டுமே வாய்க்கும். அத்தடத்தின் வழியே முட்டைக்குழியைக் கண்டறிந்து, நூறளவிலான முட்டைகளைப் பொரிப்பகத்தில் சேர்க்கின்றனர். ஏழு வாரமளவில் வெளிவரும் குஞ்சுகள் கடல்மேல் தெரியும் ஒளியை நாடுபவை. நகரமோ அதனினும் ஒளிமிக்கது! விளக்கை நம்பித் திரும்பும் குஞ்சுக்குச் சாலையே எதிர்ப்படும். தாய் ஆமையும் வெளிச்சத்தைக் கண்டால் முட்டையிடாமல் திரும்பிவிடக்கூடும். ஆதலின் நடப்போர் கைவிளக்கை அணைத்துவிடுகின்றனர். கரையோர மாடிகளின் விளக்குகள் விடியும்வரை எரிகின்றன.