மூன்று சதவீத மௌனம்

1995 அக்டோபர் 11ஆம் தேதி, விடிவதற்கு முன்பே வாஷிங்டனில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் வாசலில் பார்வையாளர் வரிசையில் போய் நின்றேன். சட்ட மேற்படிப்புக்காக நான் அங்கே இருந்த வருஷம் அது. சென்னை உயர் நீதிமன்றத்தில் சில ஆண்டுகள் ஜூனியராக இருந்துவிட்டுப் போனவனுக்கு, நாட்டின் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கின் வாதத்தைக் கேட்க இரு தரப்புக்கும் சேர்த்து ஒரு மணி நேரம்தான் ஒதுக்குகிறது என்பதே வியப்பாக இருந்தது. வாதாடுபவருக்கு எதிரே வெள்ளை விளக்கு எரிந்தால் ஐந்து நிமிடம் மிச்சம். சிவப்பு எரிந்தால் பேச்சை நிறுத்திவிட வேண்டும். அன்று அந்த விளக்குகளுக்கு முன்னால் பேசப்பட்டது ஒரு காரின் பெயிண்ட் பற்றி.

கறுப்பு நிற பி.எம்.டபிள்யூ. 1990 ஜனவரியில் அலபாமா மாநிலத்தின் பர்மிங்காம் நகரத்தில், நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் 40,750 டாலர் 88 சென்ட் கொடுத்து ஒரு மருத்துவர் அதை வாங்கினார். ஒன்பது மாதம் ஓட்டினார். எந்தக் குறையும் அவர் கண்ணில் படவில்லை. இன்னும் கொஞ்சம் பளபளப்பாக இருந்தால் நல்லது என்று மெருகேற்றும் கடை ஒன்றில் விட்டபோதுதான், இந்தக் கார் ஏற்கெனவே ஒருமுறை பெயிண்ட் அடிக்கப்பட்டது என்று கடைக்காரர் சொன்னார். ஜெர்மனியிலிருந்து கப்பலில் வரும் வழியில் அமில மழை பட்டு மேல்பூச்சு கெட்டிருக்க வேண்டும் என்பது பின்னால் தெரிந்தது. ஜார்ஜியா மாநிலத்தில் நிறுவனத்தின் சொந்தப் பணிமனையில் கூரை, முன்மூடி, பின்மூடி, பக்கத் தகடுகள் எல்லாம் திரும்பப் பூசப்பட்டிருந்தன. செலவு 601 டாலர் 37 சென்ட்.

இதில் பணியாளர் யாருடைய கவனக்குறைவும் இல்லை. நிறுவனத்துக்கு 1983 முதல் எழுதப்பட்ட விதியே இருந்தது. வழியில் அடிபட்ட காரைச் சரிசெய்யும் செலவு அதன் விலையில் 3 சதவீதத்தைத் தாண்டினால், அதைச் சில காலம் நிறுவன உபயோகத்தில் வைத்துவிட்டுப் பழைய கார் என்று விற்க வேண்டும். 3 சதவீதத்துக்கு உட்பட்டால் புதிய கார் என்றே விற்கலாம்; யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. விற்பனையாளருக்கும் சொல்வதில்லை என்பதுதான் என்னை நெடுநாள் உறுத்திய விஷயம். வாங்குபவரின் முகத்தைப் பார்த்துச் சாவியைக் கொடுப்பவர் மனமறிந்து பொய் சொல்லவில்லை. அவருக்கே உண்மை தெரியாது. உண்மையை அறிந்தவர்கள் வாங்குபவரைப் பார்க்கவே போவதில்லை. யாரும் வாய் திறந்து பொய் சொல்லாமலே ஒரு பொய் கைமாறுவதற்கு அந்த விதி வழி செய்திருந்தது.

மருத்துவர் வழக்குப் போட்டார். அவர் இழந்தது என்ன என்பது முதல் கேள்வி. கார் ஓடுகிறது, இன்ஜின் பழுதில்லை, பெயிண்ட்கூட நன்றாகத்தான் இருக்கிறது. முன்னாள் பி.எம்.டபிள்யூ. விற்பனையாளர் ஒருவர் சாட்சி சொன்னார்: திரும்பப் பூசிய கார் சந்தையில் பத்து சதவீதம் விலை குறையும். ஆக 4,000 டாலர். இது இழப்பை ஈடுகட்டும் பணம். இதற்கு மேல், தவறு செய்தவர் திரும்பச் செய்யாதபடி அடிக்கும் தண்டனை இழப்பீடு என்று ஒன்று அங்கே உண்டு. அதன் அளவை ஜூரி முடிவு செய்யும். நாடு முழுவதும் இப்படி 983 கார்கள் புதியவை என்று விற்கப்பட்டிருப்பதை மருத்துவரின் வழக்கறிஞர் காட்டினார். ஏறக்குறைய ஆயிரம் கார், காருக்கு 4,000 டாலர். ஜூரி 40 லட்சம் டாலர் விதித்தது. அலபாமாவின் உச்ச நீதிமன்றம் அந்தப் பெருக்கல் தவறு என்று சொல்லி 20 லட்சமாகக் குறைத்தது. அந்த 20 லட்சம்தான் வாஷிங்டனுக்கு வந்திருந்தது.

அன்று பார்வையாளர் இருக்கையில் நான் முழுக்க முழுக்க மருத்துவரின் பக்கம். ஆனால் வாதம் நடக்க நடக்க ஓர் எண் என்னை அசைத்தது. அந்த 983 கார்களில் அலபாமாவில் விற்றவை 14 மட்டுமே. மற்றவை விற்ற மாநிலங்களில் பலவற்றில், இத்தனை சதவீதத்துக்கு மேற்பட்ட பழுதைத்தான் தெரிவிக்க வேண்டும் என்று சட்டமே எல்லை வகுத்திருந்தது. அந்த எல்லைக்குள் நிறுவனம் நடந்திருந்தால் அங்கே அது குற்றமில்லை. ஓர் ஊரில் சட்டப்படி நடந்ததற்கு இன்னோர் ஊர் ஜூரி தண்டனை கொடுக்கலாமா? கூடாது. இதை அன்றே ஒப்புக்கொண்டேன், இன்றும் மாற்றிக்கொள்ளவில்லை.

1996 மே 20ஆம் தேதி தீர்ப்பு வந்தது. ஐந்து நீதிபதிகள் நிறுவனத்தின் பக்கம், நால்வர் எதிர்ப்பக்கம். பெரும்பான்மைக்காக எழுதிய நீதிபதி ஜான் பால் ஸ்டீவன்ஸ், எவ்வளவு பெரிய தண்டனை விழக்கூடும் என்பதை ஒருவர் முன்கூட்டியே அறியும்படி சட்டம் இருக்க வேண்டும் என்பதிலிருந்து தொடங்கி மூன்று அளவுகோல்களை வைத்தார். செய்த காரியம் எவ்வளவு கண்டனத்துக்குரியது. தண்டனைத் தொகை உண்மையான இழப்பைப் போல் எத்தனை மடங்கு. இதே தவறுக்கு அரசு விதிக்கக்கூடிய அபராதம் எவ்வளவு. 20 லட்சம் என்பது 4,000-த்தைப் போல் 500 மடங்கு. அலபாமா சட்டத்தில் இத்தகைய ஏமாற்றுக்கு அதிகபட்ச அபராதம் 2,000 டாலர். மூன்றிலும் தொகை தேறவில்லை. வழக்கு திரும்ப அனுப்பப்பட்டது. 1997-இல் அலபாமா நீதிமன்றம் 50,000 டாலரில் முடித்தது.

இரண்டாவது அளவுகோலைப் புரிந்துகொள்கிறேன். மூன்றாவதை என்னால் ஏற்க முடியவில்லை. அபராதத் தொகையைச் சட்டமன்றம் ஒருமுறை எழுதிவிட்டுப் பல வருடம் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது நீதிமன்ற வராண்டாவில் நடந்த எவருக்கும் தெரியும். அரசின் அந்த அசட்டையை வைத்து ஒருவருக்கு நேர்ந்த வஞ்சனையின் எடையைப் போட்டால், எடை குறைவாகத்தான் வரும்.

இன்னொரு இடத்தில் தீர்ப்பின் காரணமே உண்மைக்கு எதிரே நிற்கிறது. திருந்த வைக்க இவ்வளவு பெரிய தொகை தேவைதான் என்று கொள்வதற்கு ஆதாரமில்லை என்றது பெரும்பான்மை. ஆதாரம் அதே கட்டில்தான் இருந்தது. இதே போன்ற காரை வாங்கிய வேறொருவரும் அலபாமாவில் வழக்குப் போட்டிருந்தார். அவருக்கும் கிட்டத்தட்ட இதே இழப்பீடு கிடைத்தது, தண்டனைத் தொகை ஒரு டாலர்கூட இல்லை. மருத்துவரின் வழக்கில் ஜூரி தீர்ப்புச் சொல்வதற்கு முன்பு நிறுவனம் செய்திருந்ததெல்லாம், திரும்பப் பூசிய கார்களை அலபாமாவிலும் வேறு இரண்டு மாநிலங்களிலும் விற்காமல் தவிர்த்ததுதான். 40 லட்சம் என்று ஜூரி சொன்ன ஐந்தாம் நாள், எவ்வளவு சிறிய பழுதானாலும் நாடு முழுக்கத் தெரிவிப்பது என்று கொள்கையையே மாற்றிக்கொண்டது. மேல்முறையீட்டில் அந்தத் தொகை கரைந்துபோனது. ஆனால் வேலையைச் செய்தது அந்தத் தொகைதான்.

ஊர் திரும்பிப் பல வருடம் கழித்து அந்த நிறுவனத்தின் வரலாற்றைப் படித்தேன். அதில் ஒரு நாள் என்னை மறுபடி அந்த வழக்குக்கே இழுத்துப்போனது. 1916-இல் மியூனிக்கில் விமான இன்ஜினில் வேர் விட்ட நிறுவனம் அது. முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனி விமான இன்ஜின் செய்யக் கூடாது என்று உடன்படிக்கை தடுத்ததால் 1923-இல் மோட்டார் சைக்கிளுக்கு வந்தது. 1928-இல் ஐசனாக் நகரத்துத் தொழிற்சாலையை வாங்கிக் காருக்கு வந்தது. இரண்டாம் போருக்குப் பின் சிலரே வாங்கக்கூடிய பெரிய கார்களையும், முன்பக்கம் ஒரே கதவு வைத்த இசெட்டா என்ற சின்னஞ்சிறு வண்டியையும் செய்தது. நடுத்தரக் குடும்பம் வாங்கும் கார் ஒன்றும் கையில் இல்லை. 1959-இல் நஷ்டத்தில் மூழ்கிக்கொண்டிருந்தது.

அந்த வருடம் டிசம்பர் 9ஆம் தேதி பங்குதாரர்களின் பொதுக்கூட்டம். போட்டியாளரான டைம்லர்-பென்ஸ் வசம் நிறுவனம் போகும் ஏற்பாட்டை நிர்வாகமும் வங்கியும் கொண்டுவந்திருந்தன. பெரிய வாக்குகள் அவர்கள் கையில். சிறு பங்குதாரர்களுக்கும், அந்தப் பெயரை விற்றே பிழைத்த விற்பனையாளர்களுக்கும் வழி இல்லை என்றே தோன்றியது. அவர்களுக்காக எழுந்தவர் பிரீட்ரிக் மாத்தெர்ன் என்ற வழக்கறிஞர். அவர் கணக்கைத் திறந்தார். 700 என்ற புதிய சிறு காரை உருவாக்கிய செலவு முழுவதையும் ஒரே வருடத்து நஷ்டமாக எழுதியிருந்தார்கள். பல வருடம் விற்கப்போகும் காரின் செலவைப் பல வருடத்துக்குப் பிரித்து எழுதியிருந்தால் நிலைமை அத்தனை மோசமாகத் தெரிந்திருக்காது. கணக்கில் குறை காட்டப்பட்டால், மூலதனத்தில் 10 சதவீதம் வைத்திருப்பவர்கள் கேட்டாலே முடிவை ஒத்திவைக்க வேண்டும் என்று ஜெர்மனியின் சட்டம் சொன்னது. டைம்லரின் ஏற்பாடோ அந்த நாளோடு காலாவதி ஆகும்படி எழுதப்பட்டிருந்தது. ஒத்திவைத்தார்கள், ஏற்பாடு செத்தது. அதன் பிறகு ஹெர்பர்ட் குவாண்ட் தன் பணத்தை இறக்கினார். 1961-இல் பிராங்பர்ட் கண்காட்சியில் 1500 என்ற நடுத்தர அளவுக் கார் வந்து நின்றது. உலகம் இன்று அறிந்த பி.எம்.டபிள்யூ. அதிலிருந்து தொடங்கியது.

பெரியவர்கள் தயாரித்த கணக்கைச் சின்னவர்கள் திறந்து பார்க்கலாம் என்ற ஒரு விதியால் உயிர்பிழைத்த நிறுவனம் இது. இருபத்துநான்கு வருடம் கழித்து, 3 சதவீதம் வரை வாங்குபவர் எதையும் அறிய வேண்டியதில்லை என்று அதே நிறுவனம் விதி எழுதிக்கொண்டது. 601 டாலரைவிட இதுதான் எனக்கு வலித்தது.

இதெல்லாம் எனக்குக் கைகொடுக்கும் என்று நினைத்த ஒரு வழக்கு 2012-இல் வந்தது. கட்சிக்காரர் கரூரில் வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி செய்பவர். சென்னையில் ஒரு சொகுசுக் கார் வாங்கியிருந்தார். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். டெஃப்லான் கோட்டிங் போட விட்ட இடத்தில் பெயிண்டின் கனத்தைக் காட்டும் சிறு கருவியை வைத்துப் பார்த்த பையன், வலது பின்கதவில் மட்டும் அளவு இரட்டிப்பாகக் காட்டுகிறது என்றான். ஷோரூமில் கேட்டதற்கு, வாரண்டி அப்படியே இருக்கிறதே, உங்களுக்கு என்ன நஷ்டம் என்றார்கள். பர்மிங்காமில் கேட்ட அதே கேள்வி. என் கட்சிக்காரரின் பதில் இது: "புது வண்டின்னுதானுங்க சார் காசு கொடுத்தேன். கதவு மாத்திப் பூசின வண்டின்னு சொல்லியிருந்தா வேற காசு கொடுத்திருப்பேனுங்க." ஒரு மணி நேர வாதத்தில் வாஷிங்டனில் யாரும் இதைவிடத் தெளிவாகச் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

நம் நுகர்வோர் சட்டத்திலும் தண்டனை இழப்பீட்டுக்கு இடம் உண்டு. ஆனால் நாங்கள் பெயிண்டுக்கே போய்ச் சேரவில்லை. ஆடிட்டரின் யோசனைப்படி அவர் காரைத் தன் கம்பெனி பெயரில் வாங்கியிருந்தார். வியாபார நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்பது சட்டம். அவர் நுகர்வோரா இல்லையா என்பதிலேயே வாய்தா மேல் வாய்தாவாக இரண்டு வருடம் போனது. இயக்குநரின் சொந்த உபயோகத்துக்காகக் கம்பெனி வாங்கிய கார் வியாபார நோக்கமல்ல என்று, இன்னொரு ஜெர்மன் கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது 2024 ஜூலையில். எங்களுக்கு அது காலம் கடந்த தீர்ப்பு. வரிக்காக எழுதிய ஒரு பெயர், ஏமாற்றப்பட்டேன் என்று சொல்லும் உரிமையையே கேள்விக்கு உள்ளாக்கும் என்று காசு கட்டிய அன்று அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

நான்காவது வருடம் சமரசத்துக்கு வந்தார்கள். ஒன்றரை லட்சமும் செலவுத்தொகையும். தொகையை வெளியே சொல்லக் கூடாது என்று ஒரு வரி இருந்தது; அதனால்தான் பெயர்களை நான் சொல்லவில்லை. ஒப்புக்கொள்ளுங்கள் என்று அறிவுரை சொன்னவன் நான்தான். மேல்முறையீடு என்று போனால் இன்னும் எத்தனை வருடமோ என்ற கணக்கு எனக்கு. கையெழுத்துப் போடும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த வருடம் தொலைபேசியில் கூப்பிட்டார். காரை விற்கப்போகிறாராம். "வாங்க வர்றவர்கிட்ட கதவைப் பத்திச் சொல்லலாமுங்களா சார்? சமரசப் பத்திரத்துல தப்பாயிருமுங்களா?" கட்டை எடுத்து அந்த வரியை இரண்டு முறை படித்தேன். தொகையைத்தான் சொல்லக் கூடாது, கதவைச் சொல்லலாம் என்றேன். வந்தவரிடம் முதல் பேச்சாக அதைத்தான் சொன்னாராம். அவர் எண்பதாயிரம் குறைத்துக் கேட்டிருக்கிறார். இவர் கொடுத்துவிட்டார்.