ஓய்ந்த கைபேசி

எம் அப்பத்தா மேலூருக்கு அப்பால், பெரியாற்றுக் கால்வாய் பாயும் ஒரு சிற்றூரில் தனித்து வாழ்பவர். யாம் மதுரையில் கல்லூரி விடுதியில் தங்கிப் பயின்று வருகின்றோம். நாள்தோறும் மாலை ஏழு மணிக்கு அவரைக் கைபேசியில் அழைத்து நலம் வினவுதல் எம் வழக்கம். பேச்சு நீண்டதன்று. "சாப்பிட்டியா?" என்பார், "சாப்பிட்டேன்" என்போம். "அங்க மழையா?" என்பார், உண்டு என்றோ இல்லை என்றோ உரைப்போம். அவ்வளவே. அவ்வளவும் இரண்டு நாட்கள் இல்லாது போனபோதுதான் அதன் அருமை எமக்கு விளங்கிற்று.

சென்ற ஐப்பசியில் ஒரு புதன்கிழமை மாலை அழைத்தோம். அப்பத்தாவின் குரலுக்கு மாறாக, யாவரும் கேட்டுப் பழகிய அந்தப் பதிவுக்குரல், தாங்கள் அழைக்கும் எண் தொடர்பு எல்லைக்கு அப்பால் உள்ளது என்று செப்பிற்று. மீண்டும் அழைத்தோம், அதே விடை. வியாழனன்றும் அதுவே. அண்டை வீட்டார் எண் ஒன்றேனும் எம்மிடம் இல்லை. அதனைக் கேட்டு வைத்துக்கொள்ளாத மடமையை அவ்விரவு நொந்துகொண்டோம். அவரோ எண்பதை நெருங்கிய மூதாட்டி. காலமோ அடைமழைக் காலம். கிணற்றடியோ பாசி படிந்தது. எம் மனம் எங்கெங்கு ஓடியிருக்கும் என்பதை அன்பர்கள் ஊகித்துக்கொள்க.

எம் அறையில் உடனுறையும் இயற்பியல் மாணவர் எமக்கு ஓர் ஆறுதல் கூறினார். கைபேசியை முறைப்படி அணைக்குங்கால், அது தான் விடைபெறுவதைக் கோபுரத்துக்கு அறிவித்துவிட்டே ஓயுமாம். மின்கலம் திடீரெனக் கழன்றாலோ அவ்வறிவிப்புச் செல்லாது. கோபுரங்கள் அதனைச் சிறிது தேடிவிட்டு, எல்லைக்கு அப்பால் என்று கைவிடுமாம். ஆகலின் கைபேசி கீழே விழுந்து மின்கலம் கழன்றிருத்தல் வேண்டும் என்பது அவர் முடிபு. அறிவிப்பைப் பற்றி அவர் கூறியது உண்மையே. முடிபுதான் முழுத் தவறு என்பது பின்னர் விளங்கிற்று.

வெள்ளிக்கிழமை காலை வகுப்புக்கு விடுப்பு எழுதிக் கொடுத்து, மாட்டுத்தாவணியில் மேலூர்ப் பேருந்து ஏறினோம். ஒத்தக்கடையைக் கடக்கையில் யானைமலை ஒரே பாறையாய் நீண்டு கிடந்தது. அத்தகைய பாறையைக் கைபேசி அலை ஊடுருவாது. மலைக்குப் பின்னே நிற்பவனுக்கு அலை குன்றுதல் இயல்பு. சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகையில் இறங்கும் விடியலில் நேர்வது வேறு வகை. அங்கே திரையில் கோடுகள் நிறைந்திருந்தும் அழைப்புச் செல்லாது. அலை இருக்கும், ஆனால் அத்தனை இலட்சம் பேருக்கும் கோபுரத்தில் இடம் இராது. எம் அப்பத்தாவின் ஊரிலோ மறைக்க மலையும் இல்லை, நெருக்கக் கூட்டமும் இல்லை. எங்கு நோக்கினும் வயல்.

அப்பத்தா திண்ணையில் அமர்ந்து கடலை உடைத்துக்கொண்டிருந்தார். எம்மைக் கண்டதும், "ஏய்யா, ரெண்டு நாளா கூப்பிடவே இல்லையே, அப்பத்தா மேல கோவமா?" என்றார். யாம் மறுமொழி கூற இயலாது அவர் அருகே அமர்ந்துவிட்டோம். அவர் பக்கத்தில், அழைக்காதவர் யாமே.

கைபேசி மாடக்குழியில் இருந்தது. மின்னேற்றம் நிறைந்து, திரை ஒளிர்ந்தது. அலைக்கோடுகள் இருக்க வேண்டிய இடம் வெறுமையாய், 'அவசர அழைப்பு மட்டும்' என்னும் பொருள்பட இரண்டு ஆங்கிலச் சொற்கள் நின்றன. அப்பத்தாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆங்கிலம் கற்ற யாமோ, அதனைப் படித்தும் பொருள் கொள்ளாது மற்ற வேலைகளில் இறங்கினோம். அணைத்து ஏற்றினோம். மின்கலத்தைக் கழற்றி மாட்டினோம். சிம் கார்டை எடுத்து அதன் பொன்னிறத் தகட்டை வேட்டி முனையால் துடைத்து இட்டோம். பின்னர்க் கைபேசியைத் தலைக்கு மேல் ஏந்திக் கால்வாய்க் கரைமீது நடந்தோம். பக்கத்து வீட்டுச் சிறுவன் ஒருவன் நகைத்து, "அண்ணே, ஊரெல்லாம் டவர் இருக்கு" என்று தன் வீட்டுக் கைபேசியைக் காட்டினான். அதே நிறுவனம், கோடுகள் நிறைந்திருந்தன. முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை யாம் கரையெல்லாம் அளந்த பின்னரே கேட்டோம்.

கோபுரம் குற்றமற்றது என்று தெளிந்தது. எஞ்சியவை இரண்டு: கைபேசி, கார்டு. எம் கைபேசியின் கார்டு நகத்தளவே உள்ளது. அச்சிறுவன் கொணர்ந்த பிளாஸ்டிக் சட்டத்தில் அதனைப் பொருத்தி அப்பத்தாவின் கைபேசியில் இட்டோம். நொடியில் கோடுகள் எழுந்தன. கைபேசியும் குற்றமற்றது. ஆகவே நோய் கார்டிலேயே.

சிம் கார்டு என்பது வெறும் எண் அன்று. 1991ஆம் ஆண்டில் ஜெர்மனியின் மியூனிக் நகரத்து நிறுவனம் ஒன்று ஃபின்லாந்து நாட்டுத் தொலைபேசி நிறுவனத்துக்கு முதன்முதல் செய்தளித்த காலந்தொட்டு, அதனுள் ஓர் இரகசியச் சாவி பொதிந்துள்ளது. நிறுவனத்தின் ஏட்டில் அதன் இணைச்சாவி உண்டு. இரண்டும் பொருந்தினாலன்றிக் கோபுரம் கதவைத் திறவாது. பொருந்தாத கார்டுக்கு 112 என்னும் அவசர எண் போன்றவற்றுக்கு மட்டுமே வழி விடும். திரையில் நின்ற சொற்களின் பொருள் இதுவே: அலை வருகின்றது, ஆனால் உன் பெயர் ஏட்டில் இல்லை. இதனை முன்பே உணர்ந்திருப்பின் கால்வாய்க் கரைக்குச் சென்றிரோம்.

அப்பத்தாவின் பெயரை ஏட்டிலிருந்து யார் எடுத்தார்? "இந்தப் போனை யாராவது வாங்கிப் பார்த்தாங்களா, அப்பத்தா?" என்று வினவினோம். சற்றே சிந்தித்து, "சனிக்கிழமை சந்தையில குடை போட்டு ஒரு தம்பி உக்காந்திருந்துச்சு. காசு வேணாம், ஒரு மாசம் சும்மா பேசலாம்னு சொல்லுச்சு. கட்டைவிரல் வைக்கச் சொல்லுச்சு, வச்சேன்" என்றார்.

எமக்கு வயிறு கலங்கிற்று. முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய் வரும் வங்கிக் கணக்கு அவ்வெண்ணோடு பிணைந்தது. ஒருவர் எண்ணுக்கு மற்றொருவன் கள்ளமாய்ப் புதுக் கார்டு பெற்று, வங்கி அனுப்பும் இரகசிய எண்களைத் தன் கைபேசியில் வாங்கிப் பணத்தைக் கவர்வது இந்நாளில் நிகழ்வதே. அதன் முதல் அறிகுறி, உரியவர் கைபேசி திடீரென அலையிழத்தல்.

"அந்தத் தம்பி ஏதும் கொடுத்துச்சா?" என்றோம். அப்பத்தா எழுந்து சென்று தகரப் பெட்டியைத் திறந்தார். ரேஷன் கார்டுக்கு அடியில் மடித்த காகித உறை ஒன்று இருந்தது; உள்ளே வேறொரு நிறுவனத்தின் புதுக் கார்டு, முத்திரை பிரியாமல்.

நிகழ்ந்தது இப்போது விளங்கிற்று. எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மட்டும் மாற்றிக்கொள்ளும் உரிமை 2010 நவம்பர் 25இல் ஹரியானாவில் தொடங்கி, 2011 ஜனவரி 20இல் இந்தியா முழுமைக்கும் வந்தது. 1900 என்னும் எண்ணுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் எட்டு எழுத்துள்ள குறியீடு வரும். அதனைப் புது நிறுவனத்துக்கு அளித்தால், மூன்று வேலை நாட்களில் பழைய கார்டு ஓயும், புதியது உயிர்பெறும். 1999இல் தமிழ்நாட்டில் தொடங்கிய ஏர்செல் நிறுவனத்தின் சேவை 2018 பிப்ரவரியில் மாநிலமெங்கும் தடைப்பட்டபோது, மக்கள் இதே 1900க்குச் செய்தி அனுப்ப அலையின்றித் தவித்தனர். அன்று கார்டு ஓய்ந்ததை ஊரே அறிந்தது. இங்கோ ஓய்ந்தது ஒரே ஒரு கார்டு. உடையவருக்கே அது தெரியாது. குடைக்காரத் தம்பி அப்பத்தாவின் கைபேசியிலிருந்தே செய்தியை அனுப்பிக் குறியீட்டை எடுத்துக்கொண்டான் போலும். சனிக்குப் பின் மூன்றாம் வேலை நாள் புதன்.

அவன் திருடன் அல்லன். புதுக் கார்டைக் கையில் கொடுத்தே அனுப்பினான். பழையது ஓயும், அன்று இதனை எடுத்து இடுக என்று சொல்லியும் இருக்கலாம். சந்தை இரைச்சலில் சொன்னது அப்பத்தாவின் காதுக்கு எட்டியதா என்று அவன் பார்த்திலன் என்பதே எம் மனத்தாங்கல். வைத்த கட்டைவிரல் எதற்கு இசைந்தது என்று வைத்தவர்க்கு விளங்கவில்லை. கருவி ரேகையை மட்டுமே கேட்கும், விளங்கிற்றா என்று கேளாது.

புதுக் கார்டை இட்டோம். ஒன்று, இரண்டு, நான்கு என்று கோடுகள் ஏறின. வங்கியில் தொகை குறையவில்லை என்பதையும் மேலூர் சென்று அன்றே உறுதி செய்தோம். அச்சிறுவன் வீட்டு எண்ணை எழுதிக்கொண்டதோடு, எம் எண்ணைச் சுண்ணக்கட்டியால் மாடக்குழிக்கு மேலே எழுதி வைத்தோம்.

அப்பத்தாவுக்கு ஐயம் தீரவில்லை. "நீ கரைக்குப் போயி ஒரு தடவை கூப்பிடு, பார்ப்போம்" என்றார். சென்று அழைத்தோம். மணி நெடுநேரம் ஒலித்துக்கொண்டே இருந்தது. திண்ணையில் அவர் கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு அதனைக் கேட்டுக்கொண்டிருப்பது எமக்குத் தொலைவிலிருந்தே தெரிந்தது. பின்னர் எடுத்து, "சாப்பிட்டியா?" என்றார்.