புழக்கடை மண்ணும் ஒரு சல்லடையும்

நம் சமையலறையில் எத்தனை சல்லடை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். கோதுமை மாவுக்கு ஒன்று, ரவைக்கு ஒன்று, புட்டு மாவுக்கு ஒன்று. டீ வடிகட்டி வேறு. ஒவ்வொன்றுக்கும் கண் வேறு வேறு. மாவுச் சல்லடையில் ரவையைச் சலித்தால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அந்த அறிவையே வீட்டுப் புழக்கடைக்கு எடுத்துக்கொண்டு போய், கல்லும் கண்ணாடியுமாகக் கிடந்த மண்ணைச் சலித்து எடுத்த கதையைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீடு திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் இருக்கிறது. "ஆதிசங்கரர் பிறந்த காலடியா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. 1717 முதல் 1720 வரை சென்னையில் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் என்ற வெள்ளைக்காரர் நெசவாளர்களைக் குடியமர்த்திய இடம் இது. காலெட் பேட்டை நம் வாயில் புரண்டு காலடிப்பேட்டை ஆகிவிட்டது! கடற்கரை ஊர். அதனால் தோண்டினால் மணலும் கிளிஞ்சலும்தான் வரவேண்டும். எங்கள் புழக்கடையில் வந்த கல் ஒன்றுகூட இந்த ஊர்க் கல் இல்லை, எல்லாம் மனுஷர் கொண்டுவந்து போட்டது.

பழைய வீட்டின் பின்பக்கத்தை இடித்துக் கட்டினோம். வேலை முடிந்ததும் மிஞ்சிய ரப்பிஷை லாரியில் ஏற்றாமல், புழக்கடையிலேயே பரப்பி, மேலே நாலு பாண்டு மணலைத் தூவி, "லெவல் பண்ணியாச்சும்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார் கொத்தனார். பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது. முதல் மழையில் மணல் கரைந்து, அடியில் இருந்ததெல்லாம் பல் இளித்தது. செங்கல் துண்டு, காரைக்கட்டி, ஜன்னல் கண்ணாடிச் சில்லு, துருப்பிடித்த ஆணி.

இவர் உடனே ஒரு தீர்ப்பு சொன்னார். "மொத்தமா சிமெண்ட் போட்டுடலாம். பெருக்கவும் சுலபம், கழுவவும் சுலபம்." யோசனை நியாயமானதுதான். மறுப்பதற்கும் எனக்குக் காரணம் இருந்தது. வடசென்னையில் நிலத்தடி நீரின் கதை தெரியாதவர் யார்? மீஞ்சூர்ப் பக்கம் கடல் நீர் பூமிக்குள் புகுந்துவிட்டதை 1960களின் கடைசியிலேயே கண்டுபிடித்தார்கள். 2003-ல் மழைநீர் சேகரிப்பை வீட்டுக்கு வீடு கட்டாயமாக்கினார்கள். வீட்டில் மழை உள்ளே இறங்க மிச்சம் இருப்பது பன்னிரண்டுக்குப் பதினைந்தடி மண். அதையும் மூடிவிட்டால் தண்ணீர் தெருவுக்குத்தான் ஓடும். மாமியார் வேறு காரணம் சொன்னார். "மண்ணை மிதிக்காத பிள்ளைக்குக் கால் எப்படிடி ஊணும்?"

அப்போது பெண் தன் பத்து மாதக் குழந்தையோடு வந்திருந்தாள். பேத்தி தவழ்கிற பருவம். வாசற்படி தாண்டினால் மண், மண்ணில் கை, கை வாயில். ஒருநாள் எதையோ மென்றுகொண்டிருக்கிறாள் என்று வாயில் விரல் விட்டு எடுத்தேன். பச்சை பெயிண்ட் ஒட்டிய காரைச் சில்லு. நல்லவேளை, விழுங்கவில்லை. அன்றைக்கு இவரிடம் சொன்னேன். "ஏங்க, ஒரு மாசம் டயம் கொடுங்க. அதுக்குள்ள இந்த மண்ணை நான் சுத்தம் பண்ணலைன்னா சிமெண்ட் போடுங்க." சிரித்துக்கொண்டே சரி என்றார்.

கையால் பொறுக்கி ஆகிற காரியமா அது? ஒரு சாண் ஆழம் தோண்டுவதாக வைத்தாலே நூற்று முப்பத்தைந்து கன அடி வருகிறது. மணல் வியாபாரக் கணக்கில் 100 கன அடி ஒரு யூனிட் என்றால் ஒன்றேகால் யூனிட்டுக்கும் மேலே. கொத்தனார்கள் மணல் சலிப்பார்களே, சாய்த்து நிறுத்திய பெரிய சல்லடை, அதுமாதிரி ஒன்று செய்தேன்.

சாமான்கள் ரொம்ப இல்லை. இரண்டு அங்குல ரீப்பர் கட்டையில் நாலடி நீளம் இரண்டு, இரண்டடி நீளம் இரண்டு. நீள்சதுரமாகச் சேர்த்து ஒரு சட்டம். அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ், இரும்புக் கடையில் வெட்டித் தருவார்கள். துத்தநாகம் பூசியதாகப் பார்த்து வாங்குங்கள், கடற்காற்றில் மற்றது ஒரு வருஷம் தாங்காது. விலை குறைவு என்று கோழிவலை வாங்கிவிடாதீர்கள். நாலு கல் விழுந்ததும் தொய்ந்து, கண் விரிந்து, சின்னக் கல்லெல்லாம் உள்ளே போய்விடும். மெஷ்ஷை வெறும் ஆணியால் அடித்தால் ஆட்ட ஆட்டப் பிடுங்கிக்கொள்ளும். அதனால் ஓரம் முழுக்க மெல்லிய மரப்பட்டியை மேலே வைத்து, வலையை நடுவில் நசுக்கினாற்போல் அடிக்க வேண்டும். கம்பி முனையும் கையைக் கிழிக்காது. பின்னால் முட்டுக் கொடுக்க இரண்டு கால், கீலில் மாட்டியது. ஆணி அடிக்கிற வேலையைப் பையன் செய்தான். பழைய ஜன்னல் சட்டத்தைப் பயன்படுத்தலாமே என்று கேட்டான். வேண்டாம் என்றேன், ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இனி சாய்க்கிற விஷயம். ரொம்பப் படுக்கவைத்தால் கல் மேலேயே தங்கி அடைத்துக்கொள்ளும். ரொம்ப நிமிர்த்தினால் மண்ணும் கல்லோடு சேர்ந்து முன்னால் வழிந்துவிடும். சுவரில் சாத்திய ஏணியைவிடக் கொஞ்சம் படுக்கையாக இருந்தால் சரி. மேல்முனையில் மண்ணை வீச வேண்டும். மண் பின்பக்கம் உதிரும், கல் முன்பக்கம் உருண்டு வரும். அந்தக் கடகட சத்தம் கேட்கக் கேட்க ஒரு திருப்தி.

ஆனால் மண்வெட்டியால் வாரி வாரி வீசுவது ஆண்பிள்ளை உடம்புக்கு ஏற்ற வேலை. பத்துப் பாண்டு வீசினதும் இடுப்பு பிடித்துக்கொண்டது. ஆகவே இரண்டாவது சல்லடையைத் தொட்டிலாகக் கட்டினேன். இரண்டடிக்கு ஒன்றரை அடியில் ஒரு பெட்டி, நாலு அங்குல உயரத்துக்குப் பக்கப் பலகை, அடியில் கால் அங்குலக் கண் மெஷ். நாலு மூலையிலும் ஓட்டை போட்டு நைலான் கயிறு கோத்து, பின்பக்கத் தாழ்வாரத்து இரும்புக் குழாயில் இடுப்பு உயரத்துக்குத் தொங்கவிட்டேன். (எதிரிலேயே முருங்கை மரம் இருந்தது. முருங்கைக் கிளையை நம்பி யாராவது தொட்டில் கட்டுவார்களா!) அடியில் பழைய டப். அரைப் பாண்டு மண் போட்டு ஒரு கையால் ஆட்டினால் போதும், குனியவே வேண்டாம். பெரிய சல்லடையில் பையன் விடுமுறை நாட்களில் வீசித் தருவான், பின்னம்பக்கம் விழுந்ததைத் தொட்டிலில் போட்டு நான் ஆட்டுவேன். சமையல் முடிந்து தினம் ஒரு மணி நேரம், பதினைந்து பாண்டு. மூன்று வாரத்தில் முந்நூறு பாண்டு ஆயிற்று.

ஈரப் பதம்தான் முக்கியம், கேளுங்கள். காய்ந்த மண்ணைச் சலித்தால் புழுதி வீடு முழுக்கப் பறக்கும், மூக்கிலும் ஏறும். சொதசொதவென்று இருந்தால் வலைக்கண் அடைத்துக்கொள்ளும். புட்டு மாவுக்கு என்ன பதம்? பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். அதே பதம்தான் இதற்கும். முதல் நாள் சாயங்காலம் பூவாளியால் தெளித்து, கோணி போட்டு மூடிவைத்துவிட்டால் காலையில் சரியாக இருக்கும். மூடிவைப்பதில் இன்னொரு லாபம், தெருப் பூனை வந்து அசிங்கம் செய்யாது. பூனைக் கழிவு கலந்த மண்ணைக் கர்ப்பிணிப் பெண்கள் கண்டிப்பாகத் தொடக் கூடாது. வயிற்றுக் குழந்தையைப் பாதிக்கும் கிருமி அதில் இருக்கக்கூடும்.

சல்லடையில் வந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு கோலி குண்டு, கதவுக் கீல், சிலேட்டுக் குச்சி, சதுர ஐந்து பைசா ஒன்று. மாமியார் அந்தக் காசைக் கழுவி உண்டியலில் போட்டுவிட்டார். சிரிக்க முடியாதவையும் வந்தன. ஒரு படி நிறைய ஆணி, கண்ணாடி அதைவிட அதிகம்.

கனமான கையுறை, மூடிய செருப்பு இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். ஆணி குத்தினால் "துருதானே" என்று மஞ்சளை வைத்துக்கொண்டு இருக்கக் கூடாது. ரண ஜன்னி வருவது துருவால் அல்ல. அதன் கிருமி மண்ணிலேயே இருக்கிறது, ஆணி அதை ஆழத்துக்குக் கொண்டுபோய் விடுகிறது. காயத்தைக் கழுவி, அன்றைக்கே டாக்டரிடம் காட்டி, ஊசி தேவையா என்று கேட்டுவிட வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை ஷீட்டின் துண்டுகள் வந்தால் உடைக்கக் கூடாது, சலிக்கவும் கூடாது. தண்ணீர் தெளித்து நனைத்து, முழுசாக எடுத்து, இரட்டைப் பையில் கட்டித் தனியாக வைக்க வேண்டும். அதன் கண்ணுக்குத் தெரியாத நார் நுரையீரலில் போய் உட்கார்ந்தால் வெளியே வராது. மற்றக் குப்பையோடு கலக்காமல் மாநகராட்சி ஆட்களிடம் என்னவென்று சொல்லியே கொடுக்க வேண்டும்.

இப்போது அந்தப் பச்சைச் சில்லுக்கு வருகிறேன். சல்லடை கல்லைப் பிடிக்கும், விஷத்தைப் பிடிக்காது. இதை நான் சொல்லாமல் விட்டால், சலித்துவிட்டோம் என்ற தைரியத்தில் நீங்கள் குழந்தையை மண்ணில் விட்டுவிடுவீர்கள். வீட்டு பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற சட்டம் நம் நாட்டில் 2016-ல் வந்து, 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டில் எவ்வளவு இருந்ததோ! பெட்ரோலில் ஈயம் கலப்பதும் 2000-ல்தான் நின்றது. பழைய பெயிண்ட் உதிர்ந்த மண்ணிலும், பெரிய ரோட்டோரத்து மண்ணிலும் ஈயம் இருக்கலாம். அது தங்குவது பெரும்பாலும் மெல்லிய தூளில், அதாவது சல்லடைக்குக் கீழே விழுகிற பக்கத்தில். குழந்தையின் மூளை வளர்ச்சியை அது கெடுக்கும், இவ்வளவு வரை பரவாயில்லை என்கிற அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பழைய ஜன்னல் சட்டம் வேண்டாம் என்று நான் சொன்னதும் இதற்காகத்தான். அறுத்தாலும் தேய்த்தாலும் பெயிண்ட் தூளாகிவிடும்.

அதனால் நான் செய்தது இது. சலித்த மண்ணை அடியில் நிரவிவிட்டு, குழந்தை விளையாடுகிற மூலைக்கு மட்டும் வெளியிலிருந்து சுத்தமான செம்மண் வாங்கி ஒரு சாண் உயரத்துக்குப் போட்டேன், மிச்ச இடத்தில் அருகம்புல் பதித்தேன். மண் மூடியிருந்தால் புழுதி கிளம்பாது. கீரை, முள்ளங்கி எல்லாம் தொட்டியில், வாங்கின மண்ணில்தான். இலையும் கிழங்கும்தான் மண்ணின் ஈயத்தை அதிகம் சுமக்கும், கத்தரி, தக்காளி, வெண்டை போன்ற காய்கள் குறைவாக எடுக்கும். அவற்றைத் தரையில் வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் நன்றாகக் கழுவித்தான் அடுப்பில் ஏற்றுவேன். சாதாரண மண் பரிசோதனையில் உப்பும் சத்தும்தான் பார்ப்பார்கள், ஈயத்தைப் பார்க்க வேண்டுமென்று நாம்தான் கேட்க வேண்டும். பேத்திக்குச் சாப்பாட்டுக்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவது எங்கள் வீட்டில் சட்டம். இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த பிள்ளைகளின் உடம்பு ஈயத்தை அதிகமாக இழுத்துக்கொள்ளும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து கேழ்வரகுக் கூழும் கீரையும் தவறுவதில்லை. சந்தேகம் இருந்தால் ரத்தத்தில் ஈயம் பார்க்கிற பரிசோதனை பற்றியும் டாக்டரிடம் கேட்கலாம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்ததே, அந்த மாதிரி எண்ணெய் ஊறின மண்ணைச் சல்லடையில் போடுவதே வீண். அதை அள்ளி அப்புறப்படுத்துவதைத் தவிர வேறு வழியில்லை.

இன்னொன்று, பழைய சுண்ணாம்புக் காரையும் தூளாகிக் கீழே இறங்கிவிடும். அந்த மண்ணில் வைத்த செம்பருத்தியின் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தது. நோய் என்று மருந்து அடிக்காதீர்கள். சுண்ணாம்பு மிகுந்தால் செடியால் இரும்புச் சத்தை எடுக்க முடியாது. மக்கிய எருவை நிறையக் கொடுத்து வந்தேன், இரண்டு மாதத்தில் புதுத் துளிர் பச்சையாக வந்தது.

மூட்டை மூட்டையாகச் சேர்ந்த கல்லை என்ன செய்வது? இதற்கு இவர்தான் வழி சொன்னார். புழக்கடை ஓரத்தில் மூன்றடிக்கு மூன்றடி, ஐந்தடி ஆழத்தில் ஒரு குழி எடுத்து, மொட்டை மாடித் தண்ணீர்க் குழாயை அதில் இறக்கினோம். பெயிண்ட் ஒட்டினது, காரை ஒட்டினது, கண்ணாடி எல்லாவற்றையும் கழித்துவிட்டு, சுத்தமான செங்கல் துண்டுகளை மட்டும் கழுவிப் போட்டோம். பெரியது அடியில், சின்னது மேலே, அதற்கும் மேலே ஒரு சாண் மணல். வண்டலில் மணல் அடைத்துக்கொண்டால் மேல் மணலை மட்டும் மாற்றினால் போதும். ஐப்பசி மழையில் குடை பிடித்துக்கொண்டு போய் நின்று பார்த்தார். தண்ணீர் சுழித்துக்கொண்டு உள்ளே போயிற்று. அதற்குப் பிறகு சிமெண்ட் பேச்சை எடுக்கவில்லை.

பெரிய சல்லடை இப்போது மூன்றாம் வீட்டில் இருக்கிறது. அவர்களும் வீட்டை இடித்துக் கட்டுகிறார்கள். தொட்டில் சல்லடையை மட்டும் யாருக்கும் கொடுப்பதில்லை. மழைக்கு முன்னால் உரக்குழி எருவைச் சலிக்க எனக்கே அது வேண்டும்.