ஆறு முதல் ஆறு வரை

ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் நவம்பர் பிறந்துவிட்டால் பழம் பறிப்பு சூடுபிடிக்கும். பறித்ததைத் தோல் நீக்கி, கழுவி, களத்தில் பரப்பி உலர்த்துவார்கள். களத்துக்கு இராக்காவல் உண்டு. மாலை ஆறு மணிக்கு வருகிறவர் காலை ஆறு மணிக்குத்தான் கம்பளியைச் சுருட்டுவார். சேர்வராயன் மலைக் குளிரில் அந்தப் பன்னிரண்டு மணி நேரம் எவ்வளவு நீளமானது என்று காவல் இருந்தவருக்குத்தான் தெரியும்.

அந்த இரவைக் கணக்கெடுக்கக் கணினியில் ஒரு நிரல் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். வந்த நேரம் 18.00, போன நேரம் 6.00. மணியை மட்டும் எழுதிக் கழித்தால் விடை மைனஸ் 12. நடுவில் தேதி மாறியதை நிரலிடம் யாரும் சொல்லவில்லை. மணி என்பது நாம் நிற்கும் இடம். கால அளவு என்பது இரண்டு இடங்களுக்கு நடுவிலுள்ள தூரம். ஒன்றை மற்றொன்றாக நினைத்துவிட்டால் கணக்கு கெடும்.

தேதியைச் சேர்த்தாலும் போதாத இரவு உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 செப்டம்பர் 1 முதல் இந்தியக் கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்தார்கள். 1945 அக்டோபர் நடுவில் பழையபடி திருப்பினார்கள். திருப்பிய அந்த இரவில் ஆறு முதல் ஆறு வரை காவல் இருந்தவர் விழித்திருந்தது 13 மணி நேரம். இத்தகைய குழப்பத்தைத் தவிர்க்கக் கணினியில் உலகப் பொது நேரத்தைக் குறித்து வைக்கும் வழக்கம் உண்டு. யூனிக்ஸ் முறையில் 1970 ஜனவரி 1 தொடக்கத்திலிருந்து ஓடிய நொடிகளை எண்ணுவார்கள். இரண்டு எண்களைக் கழித்தால் உண்மையில் கழிந்த நேரம் கிட்டத்தட்டச் சரியாக வந்துவிடும்.

ஆனால் எல்லாக் காலத்தையும் நொடியில் அளக்க முடியாது. ஜனவரி 31 அன்று ஒருவர் கடன் வாங்கி, ஒரு மாதத்தில் தருவதாகச் சொல்கிறார். கெடு எந்த நாள்? ஜாவா மொழியின் காலக் கணக்கு பிப்ரவரியின் கடைசி நாள் என்று சொல்லும். ஜாவாஸ்கிரிப்டில் மாத எண்ணை மட்டும் ஒன்று கூட்டினால் மார்ச் முதல் வாரத்துக்குப் போய்விடும். 2014-இல் வந்த ஜாவா எட்டாம் பதிப்பு, நொடியில் அளக்கும் காலத்துக்கு ‘டியூரேஷன்’, நாளும் மாதமுமாக எண்ணும் காலத்துக்கு ‘பீரியட்’ என்று இரண்டையும் பிரித்தே வைத்தது. அது நல்ல தெளிவு.

இன்னொரு சிக்கல், ஓரத்து நாட்கள். 5-ஆம் தேதி முதல் 12 வரை ஒருவர் நாள் தவறாமல் வேலைக்கு வந்தார். 12-இல் 5 போனால் 7. அவர் உழைத்ததோ எட்டு நாள். கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1982-இல் எழுதிய ஒரு குறிப்பில், எண் வரிசைகளைக் குறிக்கும்போது தொடக்கத்தைச் சேர்த்து முடிவை விட்டுவிடும் முறையே சீரானது என்று வாதிட்டார். அதை நாட்களுக்குப் பொருத்தினால், 5-இல் தொடங்கி 13-க்கு முன்வரை: 13-இல் 5 போனால் எட்டு, சரியாக வருகிறது. அடுத்த கணக்கு 13-இல் தொடங்கும். எந்த நாளும் விடுபடாது. எந்த நாளும் இரட்டிக்காது.

எந்த முறையைப் பிடித்தாலும் அதை முதலிலேயே பேசி முடிவு செய்ய வேண்டும். கணக்கு எழுதுகிறவர் ஒரு விதமாகவும் கூலி வாங்குகிறவர் வேறு விதமாகவும் எண்ணினால், விடுபடும் நாள் பெரும்பாலும் எளியவர் கணக்கிலிருந்துதான் போகிறது. அவருக்கு அது ஒரு நாள் அரிசி.

கணினி வேலைக்குப் போகும் நம் மலைப் பிள்ளைகளுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். காலத்தைக் கணக்கிடும் நிரலை எழுதுமுன், அந்தக் காலத்தைத் தன் உடம்பால் கடக்கிறவரிடம் போய்க் கேளுங்கள்: எப்போது தொடங்குகிறது, எப்போது முடிகிறது, ஓரத்து நாட்கள் சேருமா? அவர் சொன்னதை நிரலிலும் எழுதுங்கள், அவர் கையில் கொடுக்கும் கூலிச் சீட்டிலும் அச்சிடுங்கள். அப்போதுதான் தன் கணக்கை அவரே சரிபார்க்க முடியும்.