கேட்டது இருபது இலட்சம்

பிழைப்பை நாடி மும்பைக்கு வந்த நம்மவர்களுக்குச் சம்பளம் என்பது வெறும் தொகையன்று. ஊருக்கு எழுதும் கடிதத்தில் நலம் விசாரித்த பின் இடம்பெறும் முதற்செய்தி அது. இன்னார் மகனுக்கு இத்தனை சம்பளமாம் என்னும் பேச்சு தாராவியின் தொண்ணூறு அடிச் சாலையிலும், மாட்டுங்காவின் காய்கறிச் சந்தையிலும், செம்பூர் ரயில் நிலைய வாயிலிலும் நாள்தோறும் நடைபெறுவது. ஆகவே, ஒருவர் வாங்கும் ஊதியத்துக்கு அவர் தகுதியுடையவர்தாமா என்று எடைபோடுவதில் நம்மை மிஞ்சியவர் இல்லை எனலாம். அந்தப் பழக்கமே ஒருநாள் எங்களைத் தலைகுனிய வைத்தது. அதனை நம் சங்கத்து அன்பர்களிடம் கூறவே இக்கட்டுரை.

2019ஆம் ஆண்டின் மே மாதம். ஐ.பி.எல். கிரிக்கெட் முடியும் தறுவாய். செம்பூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உறவினர் சிலர் கூடியிருந்தனர். பேச்சு தமிழ்நாட்டுப் பந்து வீச்சாளர் வருண் சக்கரவர்த்தியின் மேல் திரும்பிற்று. கட்டடக்கலை பயின்று, அத்தொழிலை விட்டுப் பந்து வீச வந்தவர் அவர். 2018 டிசம்பரில் ஜெய்ப்பூரில் நடைபெற்ற ஏலத்தில் பஞ்சாப் அணி அவரை 8 கோடியே 40 இலட்சம் ரூபாய்க்கு எடுத்தது. அந்த ஏலத்தின் மிக உயர்ந்த விலையே அதுதான். ஆனால் அப்பருவத்தில் அவர் ஆடியது ஒரே ஆட்டம். கொல்கத்தாவுக்கு எதிரான அந்த ஆட்டத்தில், அவருடைய முதல் ஓவரிலேயே 25 ஓட்டங்கள் போயின. பின்னர்க் காயம் வேறு.

கணக்கு எழுதிப் பிழைத்த கை எங்களுடையது, சும்மா இருக்குமா? ஓர் ஓவருக்கு இத்தனை, ஒரு பந்துக்கு இத்தனை என்று வகுத்துக் கூறினோம். கூடம் சிரிப்பால் அதிர்ந்தது. மூலையில் எங்கள் பேரன் உட்கார்ந்திருந்தான். அப்போது அவனுக்கு வயது பதினேழு. மாட்டுங்காவில் ஒரு மைதானத்தில் மாலைதோறும் சுழற்பந்து வீசிப் பழகி வந்தவன். தேர்வுகளுக்குச் சென்று இருமுறை வெறுங்கையோடு திரும்பியவன்.

"தாத்தா, அவர் கேட்டது இருபது இலட்சம்தானே? மீதியை அவரா கேட்டார்?" என்றான். சிரிப்பு அடங்கிற்று. எழுந்து உள்ளே செல்லும்போது, "நாளைக்கு எனக்கும் இப்படித்தான் கணக்குப் போடுவீர்களா?" என்று ஒரு சொல்லையும் விட்டுச் சென்றான்.

அன்றிரவு எங்களுக்கு உறக்கம் வரவில்லை. பிள்ளை சொன்னது உண்மை. வருண் சக்கரவர்த்தியின் அடிப்படை விலை 20 இலட்சம். அதற்கு மேல் ஏறிய ஒவ்வொரு ரூபாயும் அணிகளின் மேசைகளிலிருந்து எழுந்த கைகளால் ஏறியது. அப்படியாயின் அந்த விலை யாருடையது? ஆட்டக்காரருடையதா, ஏலம் கேட்டவர்களுடையதா?

விடை எங்கள் பழைய வாழ்விலேயே இருந்தது. 1986இல் நாங்கள் தாராவியில் குடியிருந்தோம். இருபது பேர் சேர்ந்த ஏலச்சீட்டு. ஆளுக்கு மாதம் ஐந்நூறு ரூபாய். சீட்டுத்தொகை பத்தாயிரம். அம்மாவுக்கு அறுவை மருத்துவத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள். கையில் பணம் இல்லை. அதே மாதம் பக்கத்து வரிசைக்காரர் ஒருவருக்கு மகளின் திருமணம். அவர் ஆயிரம் ரூபாய் கழிவு கேட்டால் நாங்கள் ஆயிரத்து இருநூறு. அவர் இரண்டாயிரம் என்றால் நாங்கள் அதற்கும் மேல். இறுதியில் மூவாயிரம் கழித்துக்கொண்டு ஏழாயிரத்துக்குச் சீட்டை எடுத்தோம். மறுநாள் தெருவில் எங்களை ஏமாளிகள் என்றார்கள். அவர் ஒருவர் மட்டும் அன்று வராமல் இருந்திருந்தால் ஐந்நூறு ரூபாய்க் கழிவிலேயே சீட்டு எங்களுக்கு வாய்த்திருக்கும். ஏலத்தில் விலையை உயர்த்துபவர், எடுத்தவருக்கு அடுத்து நின்று விடாமல் கேட்டவரே. அன்று எங்களைத்தான் ஏசினார்களே தவிர, சீட்டுப் பணத்தை எவரும் ஏசவில்லை. கிரிக்கெட் ஏலத்திலோ, எடுத்தவரை விட்டுவிட்டு எடுக்கப்பட்டவரை ஏசுகிறோம்.

இந்த ஏலம் முதன்முதலில் நடைபெற்றதே நம் மும்பையில்தான், 2008 பிப்ரவரி 20ஆம் நாள். ஆட்டக்காரர்களுக்காக ஓர் அணி செலவிடத்தக்க தொகைக்கு அன்று விதிக்கப்பட்ட உச்சவரம்பு 50 இலட்சம் டாலர். பணக்கார அணி ஒன்றே எல்லாரையும் வாரிக்கொள்ளாதிருக்கச் செய்த ஏற்பாடு அது. சென்னை அணி தோனி ஒருவருக்கே 15 இலட்சம் டாலர் கொடுத்தது. பத்தில் மூன்று பங்கு. மும்பைக்கு வேறொரு சிக்கல். சச்சின் டெண்டுல்கர் போன்ற மண்ணின் நாயகர்களுக்கு, அவ்வணியில் மிகுந்த விலை பெற்றவரைவிட நூற்றுக்குப் பதினைந்து கூடுதலாகத் தர வேண்டும் என்பது விதி. ஜெயசூர்யாவை 9,75,000 டாலருக்கு எடுத்தவுடன் சச்சினின் ஊதியம் 11,21,250 டாலர் ஆயிற்று. ஒருவருக்கு விலை ஏற்றினால் இருவருக்குப் பணம் கொடுக்க வேண்டிய நிலை! இருவருக்குமாக உச்சவரம்பில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் கரைந்தது. அவ்வாண்டு மும்பை அணி அரையிறுதியை எட்டவில்லை.

இல்லறம் நடத்தியவர்களுக்கு இது புதிதன்று. மூத்தவளின் திருமணத்தைத் தடபுடலாக நடத்திவிட்டால் இளையவளுக்குக் கோயிலில் மாலை மாற்றுவதோடு சரி. முடிப்பு ஒன்றுதானே? 2024 நவம்பரில் ஜித்தா நகரில் நடந்த ஏலத்தில் அணிக்கு 120 கோடி உச்சவரம்பு. கொல்கத்தா அணி ஆறு பேரை முன்னதாகவே தக்கவைத்துக்கொண்டதால் அதன் கையில் எஞ்சியது 51 கோடி. அதில் ஏறக்குறையப் பாதி, 23 கோடியே 75 இலட்சம், வெங்கடேஷ் ஐயர் ஒருவருக்குப் போயிற்று. தக்கவைக்கும் வரிசையில் இடமில்லாமல் விட்ட தம் வீட்டுப் பிள்ளையை, பெங்களூரு அணி விடாமல் கேட்டதால் அந்த விலைக்குத் திரும்ப வாங்கினார்கள். 2025இல் அவர் எடுத்தவை 142 ஓட்டங்கள். அணி எட்டாம் இடம். அவ்வாண்டு இறுதியில் அவரை விடுவித்தார்கள். அடுத்த ஏலத்தில் பெங்களூரு அணி 7 கோடிக்கு எடுத்தது. ஓராண்டில் ஒருவருடைய திறமை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுமா? இறங்கியது கேட்பவர்களின் அவசரமே.

யுவராஜ் சிங்கின் கதையும் இத்தகையதே. 2015இல் தில்லி அணி அவருக்குக் கொடுத்தது 16 கோடி. அவர் எடுத்தவை 248 ஓட்டங்கள். அடுத்த ஆண்டு 7 கோடிக்கு ஐதராபாத் சென்றார். அவ்வணி கோப்பையை வென்றது. வருண் சக்கரவர்த்திக்கு 8 கோடியே 40 இலட்சம் கிடைத்த அதே ஜெய்ப்பூர் ஏலத்தில், இரண்டு உலகக் கோப்பைகளை வெல்ல உதவிய யுவராஜை மும்பை அணி 1 கோடிக்குப் பெற்றது.

மிகையாகப் பெற்றவரைப் பற்றி வாய் ஓயாமல் பேசும் நாம், குறைவாகப் பெற்றவரைப் பற்றி மூச்சும் விடுவதில்லை. அதற்குச் சான்று எங்கள் செம்பூரிலேயே உண்டு. அணுசக்தி நகரில் வளர்ந்தவர் சூர்யகுமார் யாதவ். 2018 ஏலத்தில் மும்பை அணி அவரை 3 கோடியே 20 இலட்சத்துக்கு எடுத்தது. அவ்வாண்டு 512 ஓட்டங்கள். அடுத்த ஆண்டு 424. அதற்கடுத்த ஆண்டு 480. இருந்தும் 2021 வரை ஊதியம் அதேதான். அணி விரும்பினால் ஆட்டக்காரரை ஆண்டிறுதியில் விடுவிக்கலாம். அணியின் இசைவின்றி ஆட்டக்காரர் வேறிடம் செல்ல இயலாது. 2025 பருவத்துக்குத்தான் 16 கோடியே 35 இலட்சம் பெற்றார். 717 ஓட்டங்கள் குவித்தார். முன்னைய ஆண்டுகளில் அவருக்குக் கிடைக்காமற்போன தொகையே, அதே முடிப்பிலிருந்து வேறொருவர் மிகையாகப் பெற்றதாக நாம் ஏசிய தொகை.

இந்த உச்சவரம்பு நாம் கண்டுபிடித்ததன்று. மாட்டுங்கா இந்தியன் ஜிம்கானாவில் கூடைப்பந்து ஆடுவதைப் பார்த்து நின்றவர்கள் நம்மில் பலர். அந்த ஆட்டத்தின் அமெரிக்கத் தொழில்முறைக் கழகமான என்.பி.ஏ., 1984-85 பருவத்தில் அணிக்கு 36 இலட்சம் டாலர் என்று தன் உச்சவரம்பை வகுத்தது. ஆனால் தன் சொந்த ஆட்டக்காரரைத் தக்கவைக்க அணி வரம்பைத் தாண்டலாம் என்று ஒரு வாயிலையும் திறந்து வைத்தது. அவ்வழியே, 1997-98இல் அணிக்கு உச்சவரம்பு 2 கோடியே 69 இலட்சம் டாலராக இருக்க, மைக்கேல் ஜோர்டான் ஒருவரே 3 கோடியே 30 இலட்சம் டாலர் பெற்றார்! அங்கே ஒப்பந்தம் பெரும்பாலும் உறுதியானது. ஆட்டக்காரர் அடிபட்டாலும் தளர்ந்தாலும் பணம் கொடுத்தே தீர வேண்டும். 2025இல் மில்வாக்கி அணி, குதிகால் தசைநாண் அறுந்த டேமியன் லில்லார்டை விடுவித்தபோது, அவருக்குரிய சுமார் 11 கோடியே 30 இலட்சம் டாலரை ஐந்து ஆண்டுகளுக்குப் பரப்பித் தன் கணக்கில் சுமக்க நேர்ந்தது. தவறான கணிப்பின் சுமை அங்கே அணியின் தோளில். இங்கே ஆட்டக்காரரின் தோளில்.

தொழிற்சங்கக் கூட்டங்களில் உட்கார்ந்து பழகியவர்கள் இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். 2023 முதல் 2027 வரையிலான ஐந்து பருவங்களுக்கு ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டது; சராசரியாக ஆண்டுக்கு 9,678 கோடி. 2025இல் ஆட்டக் கட்டணம் உள்ளிட்ட மொத்த ஊதிய உச்சவரம்பு அணிக்கு 146 கோடி. பத்து அணிகளுக்கு 1,460 கோடி. ஒளிபரப்பு வருவாயை மட்டும் வைத்துப் பார்த்தாலும் நூற்றுக்குப் பதினைந்து. அமெரிக்கக் கூடைப்பந்தில் ஆட்டக்காரர்களின் பங்கு வருவாயில் ஏறத்தாழப் பாதி. ஆக, தனியொருவர் மிகையாகப் பெறலாம். ஆட்டக்காரர் கூட்டம் மிகையாகப் பெறவில்லை. வரம்பு கட்டிய பானைக்குள் ஒருவர் அகப்பையைப் பற்றி மற்றொருவர் முணுமுணுக்கிறார்; பானையின் அளவைக் கேட்பார் இல்லை.

2023 பிப்ரவரி 13ஆம் நாள், மகளிர் அணிகளுக்கான முதல் ஏலம் பாந்திரா-குர்லா வளாகத்தில் நடந்தது. தாராவியிலிருந்து மித்தி ஆற்றைக் கடந்தால் அந்த வளாகம். தாராவிப் பெண் சிம்ரன் ஷேக்கை அன்று உத்தரப் பிரதேச அணி 10 இலட்சத்துக்கு எடுத்தது. அடுத்த பருவத்துக்கு அவரை எடுப்பார் இல்லை. 2024 டிசம்பரில் அதே பத்து இலட்சம் அடிப்படை விலையில் நின்றவரைக் குஜராத் அணி 1 கோடியே 90 இலட்சத்துக்கு வாங்கிற்று. அந்த ஏலத்தின் மிக உயர்ந்த விலை. நாம் வாழ்ந்த சந்துகளில் ஒருவர் அந்த விலை பெற்றாரே என்று உள்ளம் பூரித்தோம். உடனே ஓர் அச்சமும் எழுந்தது. இரண்டு ஆட்டங்களில் ஓட்டம் வராவிட்டால், எங்களைப் போன்ற எத்தனை கூடங்களில் ஒரு பந்துக்கு இத்தனை என்று வகுத்துச் சிரிப்பார்கள்?

வருண் சக்கரவர்த்தி என்ன ஆனார் என்பதை அன்பர்கள் அறிவர். பஞ்சாப் விடுவித்தபின் கொல்கத்தா அவரை 4 கோடிக்கு எடுத்தது. 2024இல் 21 விக்கெட்டுகள் வீழ்த்திக் கோப்பையை வெல்ல உதவினார். அடுத்த பருவத்துக்கு 12 கோடிக்குத் தக்கவைக்கப்பட்டார். 2025 மார்ச் 2ஆம் நாள் துபாயில் நியூசிலாந்தின் ஐந்து விக்கெட்டுகளை 42 ஓட்டங்களுக்கு வீழ்த்தியதைப் பேரனோடு அமர்ந்து பார்த்தோம். ஐந்தாவது விக்கெட் விழுந்ததும், "அன்று நாங்கள் சிரித்தது தவறுதான், கண்ணா" என்றோம். "விடுங்கள் தாத்தா, அவர் நன்றாக வீசாமலே போயிருந்தாலும் அது தவறுதான்" என்றான். அதுவும் சரியே. அவர் வென்றதனால் எங்கள் சிரிப்பு பிழையாகவில்லை. அன்றே அது பிழை.

பேரன் ஆட்டக்காரனாக ஆகவில்லை. பாந்திரா-குர்லா வளாகத்தில் ஓர் அலுவலகத்தில் பணிபுரிகிறான். ஞாயிறு தோறும் பந்து வீசுகிறான். வேலை கிடைத்தபோது, தான் கேட்டதைவிடச் சற்றுக் கூடுதலாகவே தந்திருக்கிறார்கள் என்று கூச்சத்தோடு அந்தக் கடிதத்தை எங்கள் கையில் கொடுத்தான். பழைய நாங்களாயின், "அவ்வளவுக்கு நீ என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்டிருப்போம். அதை வாங்கிப் பூசை அறையில் வைத்தோம். அன்று நாங்கள் எதையும் வகுத்துப் பார்க்கவில்லை.