இரண்டு பக்கமும் சிங்கம்

அண்ணன் போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அண்ணி ஒரு தீப்பெட்டியைக் கொண்டுவந்து என் மேஜைமீது வைத்தார். உள்ளே, பஞ்சில் பொதிந்து, ஒரு ரூபாய் நாணயம். இரண்டு பக்கமும் சிங்கத் தலை. ஆண்டும் மதிப்பும் இருக்கவேண்டிய பக்கமே இல்லை.

"இது இருக்கிறவரைக்கும் பெரியவ கல்யாணத்துக்குக் கவலையில்லைன்னு சொல்லிக்கிட்டிருந்தார். நீங்களும் பார்த்துட்டு அபூர்வம்னு சொன்னீங்களாமே, தம்பி."

சொன்னேன்தான். கையில் வாங்கிக்கூடப் பார்க்காமல். நண்பர்கள் கவிதையை நீட்டும்போது சொல்வதைப்போல.

நாணயப் பிழைகளைப்பற்றி எனக்குக் கொஞ்சம் படிப்புண்டு. 1943ல் அமெரிக்காவில், செம்பு யுத்தத்துக்கு வேண்டியிருந்ததால், ஒரு சென்ட் நாணயத்தைத் துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தார்கள். மிஞ்சிக் கிடந்த வெண்கல வில்லைகள் சிலவும் தவறிப்போய் அடிபட்டுவிட்டன. அவற்றின் விலையைக் கேள்விப்பட்டு, எஃகு சென்ட்டுக்குச் செம்பு முலாம் பூசி விற்றவர்கள் உண்டு. காந்தம் காட்டிக்கொடுத்துவிடும். அண்ணனுடையது 1980களின் செம்பு-நிக்கல் ரூபாய். அதற்குக் காந்தம் உதவாது.

யோசித்திருந்தால் காந்தமே வேண்டியதில்லை. யந்திரமும் ஒரே முகத்தை இருபுறமும் பதிப்பதுண்டு. அடிபட்ட நாணயம் வெளியேறாமல் அச்சில் ஒட்டிக்கொண்டால், அடுத்த வில்லைக்கு அந்த நாணயமே அச்சாகிவிடும். அப்போது ஒரு பக்கத்தில் முகம் எழும்பி நிற்கும். மறுபக்கத்தில் அதே முகம் குழிந்து, கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறியிருக்கும். யந்திரத்தின் தவறுக்கும் ஒரு நியதி உண்டு. அண்ணனின் நாணயத்தில் இரண்டு பக்கமும் எழும்பி, நேராக, குறையில்லாமல் இருந்தன. அந்தக் குறையில்லாமைதான் பொய். ஒரு நாணயத்தை விளிம்பு மட்டும் நிற்கும்படி குடைந்து, இன்னொன்றைச் சுற்றிலும் தேய்த்து உள்ளே பொருத்தியிருக்கிறார்கள்.

பூதக்கண்ணாடியில் பார்த்தேன். விளிம்பின் உட்புறத்தை ஒட்டி, மயிரிழை கனத்தில் ஒரு வட்டக் கோடு. மேஜைமேல் போட்டேன். 'டப்'பென்று விழுந்தது. என் பையிலிருந்து அதே காலத்து ரூபாய் ஒன்றைப் போட்டேன். கணீரென்றது.

அண்ணி இரண்டையும் கேட்டுக்கொண்டு நின்றார்.

"எவ்வளவுக்கு வாங்கினார், அண்ணி?"

"என் வளையல் ஒண்ணு."

நாணயத்தை மறுபடி பஞ்சில் வைத்துப் பெட்டியை மூடினார். மூடிய பிறகு கேட்டார்: "அவருக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காது" என்றேன். "நான்தான் அபூர்வம்னு சொல்லியிருந்தேனே."