காலேஜ் ரோட்டில் எந்த காலேஜ்?

நுங்கம்பாக்கம் காலேஜ் ரோடு தெரியும்ல? அங்கே டபிள்யூ.சி.சி. இருக்கிறதாலதான் அந்தப் பேருன்னு நம்ம பசங்க பல பேர் நினைச்சுட்டிருக்காங்க. இல்லை பாஸ்! அந்தக் கல்லூரி வந்தது 1915-ல். ரோட்டுக்குப் பேர் கொடுத்தது அதற்கும் நூறு வருஷம் சீனியர். 1812-ல் கிழக்கிந்தியக் கம்பெனி ஆரம்பித்த புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி! நாம டி.பி.ஐ.ன்னு சொல்ற வளாகம்தான் (2022-லிருந்து பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகம்) அதன் பழைய முகவரி.

ஸ்டூடண்ட்ஸ்? கப்பலில் வந்து இறங்கின, கிட்டத்தட்ட நம்ம வயசு வெள்ளைக்காரப் பசங்க. தமிழ், தெலுங்குன்னு நம்ம மொழிகளைப் படிச்சுப் பரீட்சையில் தேறணும். ஐ.ஏ.எஸ். டிரெய்னிங்குக்குக் கொள்ளுத்தாத்தான்னு வெச்சுக்கங்களேன். இதுக்குப் பின்னால இருந்தவர் எல்லீஸ் துரை. சென்னை கலெக்டர். 1818 தண்ணீர்ப் பஞ்சத்தில் ஊருக்குள் 27 கிணறு வெட்ட வெச்சார். அதைச் சொல்ற கல்வெட்டிலேயே திருக்குறள் இருக்கு! கம்பெனி வந்தது வரி வசூலுக்குத்தான், சந்தேகமே இல்லை. ஆனாலும் மனுஷன் ஊரைப் படிச்சிருக்கார்.

அங்கிருந்து ஒரு ஆட்டோ பிடிச்சா சேப்பாக்கம். கடற்காத்து, செனட் ஹவுஸ் கோபுரம், மரத்தடி அரட்டை. சென்னைப் பல்கலைக்கழகம் 1937-லேயே, அதாவது சுதந்திரத்துக்குப் பத்து வருஷம் முன்னாடியே, அரசியல் - பொது நிர்வாகத்தில் டிப்ளமோ தொடங்கிடுச்சு. தனித் துறையா ஆரம்பிச்ச பெருமை நாக்பூருக்கு, 1949-ல். அப்புறம் அமெரிக்க நிபுணர் பால் ஆப்பிள்பி 1953-ல் தந்த அறிக்கை, அதை வெச்சு 1954-ல் டெல்லியில் இந்தியப் பொது நிர்வாக நிறுவனம். 1987-ல் சிவில் சர்வீஸ் தேர்வில் விருப்பப் பாடம் ஆனதும், நம்ம இன்ஜினீயரிங் கும்பலும் 'பப் அட்' பக்கம் படையெடுத்தது தனிக் கதை.

மரத்தடியில் ஒரு அண்ணா மாட்டினார். திண்டிவனம் பக்கம். எம்.ஏ. பொது நிர்வாகம். நோட்டைப் புரட்டினா வெபர், டெய்லர், ஃபயோல். அட, டெய்லர் மெக்கானிக்கல் இன்ஜினீயர், ஃபயோல் சுரங்க இன்ஜினீயர்! எங்க மேனேஜ்மென்ட் பேப்பரிலும் இவங்களேதான்.

"ஃபேக்டரிக்கு யோசிச்சதை வெச்சு தாலுகா ஆபீஸை எப்படிண்ணா புரிஞ்சுக்கிறது?"

"கௌடில்யரும் இருக்காரு தம்பி" என்று சிரித்தார். பிறகு, "எங்கப்பா ஒரு பட்டா மாத்த ஒன்றரை வருஷம் நடந்தாரு. ஏன்னு தெரிஞ்சுக்கத்தான் இதுல சேர்ந்தேன்."

"தெரிஞ்சுதா?"

"ஃபைல் ஏன் நகரலைன்னு புரிஞ்சுது. எப்படி நகர்த்தறதுன்னு எந்த யூனிட்லயும் இல்லை."

கம்பெனிக்காரன் பசங்களுக்கு ஊர் பாஷையில் பரீட்சை வெச்சான். நாம ஏன் ஒரு செமஸ்டராவது இவங்களை ஊராட்சி ஆபீஸில் உட்கார வைக்கக் கூடாது? அண்ணா அதுக்கெல்லாம் காத்திருக்கலை. லீவுக்கு ஊருக்குப் போனா வாசலில் ஆளுங்க நிக்கிறாங்களாம். அன்னிக்கும் நோட்டுக்குள்ள ஒரு மனு மடிச்சு இருந்தது. பக்கத்து வீட்டு ஆயாவோட முதியோர் உதவித்தொகைக்கு. மூணாவது தடவையா எழுதுறாராம்.